கம்பம் பள்ளத்தாக்கும் வர்த்தக சங்கங்களும்: பணி, பயன், எல்லை

ஓர் ஊரின் வணிகரும் தொழில் நடத்துவோரும் கடையளவில் ஒருவருக்கொருவர் போட்டியாளராக இருந்துகொண்டே, தனியொருவரால் ஆகாத காரியங்களுக்காகத் தாமே கூடி, சந்தா செலுத்தி, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து நடத்தும் அமைப்பே வர்த்தக சங்கம் எனப்படுகிறது. சில ஊர்களில் அது ‘தொழில் வர்த்தக சபை’ என்றும், சில ஊர்களில் ‘வியாபாரிகள் சங்கம்’ என்றும் வழங்குகிறது. பெயர் எதுவாயினும், அரசுக்கும் சந்தைக்கும் இடையே நின்று பேசுவதும், சந்தைக்குள் எழும் வழக்குகளைத் தீர்ப்பதும், ஊருக்குத் தேவையான வசதிகளைப் பெற்றுத்தருவதும் அதன் மூன்று கடமைகளாகக் கருதப்படுகின்றன. இத்தகைய சங்கங்கள் சாதித்தவை எவை, அச்சாதனைகளை எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்வியைத் தேனி மாவட்டத்தையும், அதன் தென்பகுதியான கம்பம் பள்ளத்தாக்கையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. உறுப்பினருக்குப் பெற்றுத்தந்த சலுகைகளைக் கொண்டு ஒரு சங்கத்தை மதிப்பிடுவது எளிது. ஆனால், உறுப்பினரல்லாத உழவரும், சுமைதூக்குவோரும், நுகர்வோரும் அச்சங்கத்தால் அடைந்த நன்மையே அதன் உண்மையான அளவுகோல் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

களத்தின் இயல்பு

மேற்கே ஏலமலைத் தொடரும், கிழக்கிலும் தெற்கிலும் மேகமலை, வருசநாட்டு மலைகளும் சூழ, நடுவே முல்லைப் பெரியாறு ஓடும் நிலப்பரப்பே கம்பம் பள்ளத்தாக்கு. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கத் தொடங்கியபின், லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையிலான 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெற்பாசனம் பெறும் ஆயக்கட்டாக நிலைபெற்றது. உத்தமபாளையம் வட்டத்தில் சின்னமனூரை அடுத்துள்ள மார்க்கையன்கோட்டைப் பேரூராட்சி, இந்தப் பாசனத்தால் வாழும் நெல் விளையும் ஊர்களுள் ஒன்று. கம்பத்தைச் சுற்றிப் பன்னீர் திராட்சையும், சின்னமனூர் வட்டாரத்தில் வாழையும், போடிநாயக்கனூரில் இலவம் பஞ்சும், பெரியகுளத்தில் மாம்பழமும், ஆண்டிபட்டியில் நெசவும் என ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சரக்கு அமைந்திருக்கிறது. எல்லாச் சரக்கும் வந்து கூடும் பெருஞ்சந்தையாகத் தேனி வளர்ந்தது.

இந்த வணிகத்துக்கு இன்னொரு சிறப்பியல்பும் உண்டு. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைப்பாதைகள் பள்ளத்தாக்கைக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தோடு இணைக்கின்றன. காய்கறியும் அரிசியும் மேலே ஏற, ஏலக்காயும் மிளகும் கீழே இறங்குகின்றன. தோட்ட வேலைக்காக ஆயிரக்கணக்கான தொழிலாளர் ஜீப்புகளில் நாள்தோறும் எல்லை கடந்து சென்று திரும்புகின்றனர். விளைநிலம் ஒரு மாநிலத்திலும் விற்பனைக்கூடம் மற்றொரு மாநிலத்திலும் அமைந்த இத்தகைய வணிகத்தில், நம்பிக்கையைக் காக்கும் ஒரு பொது அமைப்பின் தேவை மற்ற இடங்களைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

முன்னோடி அமைப்புகள்

வணிகர் கூடிச் செயல்படுவது தமிழகத்துக்குப் புதிதன்று. இடைக்காலத்தில் ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார் முதலிய வணிகக் குழுக்கள் தென்னிந்தியாவிலும் கடல் கடந்த துறைமுகங்களிலும் இயங்கின. தாய்லாந்தின் தகுவாபா கல்வெட்டு மணிக்கிராமத்தாரையும், சுமத்திராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவரையும் குறிப்பிடுகின்றன. பாண்டிய நாட்டுப் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வணிகர்கள் ஒன்றுகூடித் தாங்கள் கையாளும் சரக்குகளின்மேல், பொதிக்கு இவ்வளவு என ஒரு சிறு பங்கை ஒதுக்கிக் கோயிற்பணிக்கு அளித்ததைக் கூறுகிறது. அரசன் விதிக்காமல், வணிகர் தாமே தமக்கு விதித்துக்கொண்ட தண்டல் இது என்பது கருதத்தக்கது.

இதே கருத்தின் பிற்கால வடிவம் மகமை ஆகும். மகமை என்பது விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் அல்லது நடக்கும் ஒவ்வொரு பேரத்துக்கும் ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்காகப் பிடித்துவைக்கும் முறை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் வணிகர்கள் ‘உறவின்முறை’ என்னும் ஊர்ச் சபை அமைத்து, வண்டிகளும் சரக்குகளும் பாதுகாப்பாகத் தங்கும் பேட்டைகளை நடத்தி, மகமை நிதியிலிருந்து கிணறும் சத்திரமும் பள்ளியும் ஏற்படுத்தியதை ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட தமது ஆய்வு நூலில் விரிவாக விளக்கியுள்ளார். காமராசர் பயின்ற விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் திரட்டிய பிடியரிசியாலும் வணிகர் நிதியாலும் வளர்ந்த பள்ளி. தேனியிலும் மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறை, பள்ளிகளையும், நாடார் சரஸ்வதி என்ற பெயரில் கலை அறிவியல் கல்லூரியையும் பொறியியல் கல்லூரியையும் நடத்திவருகிறது.

மகமையைப் பற்றி ஆய்வாளர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பணம் உண்மையில் யாருடையது? மூட்டைக்குப் பிடிக்கும் தொகை வணிகர் பெயரில் சேர்ந்தாலும், சந்தை நிலையைப் பொறுத்து அதன் சுமையின் ஒரு பகுதி குறைந்த விலை பெறும் உழவர்மீதோ, கூடுதல் விலை தரும் நுகர்வோர்மீதோ இறங்கிவிடுகிறது. ஆகவே மகமையால் எழுந்த பள்ளியும் சத்திரமும் வணிகரின் கொடை மட்டுமல்ல, சந்தையில் பங்கேற்ற அனைவரின் உழைப்பும் சேர்ந்தது என்பதே பொருளியல் நோக்கில் பொருந்தும் முடிவு. அந்நிறுவனங்கள் எல்லாருக்கும் திறந்திருக்கவேண்டும் என்ற கோரிக்கைக்கு அறம் மட்டுமன்றிக் கணக்கும் துணைநிற்கிறது.

நவீன சங்கங்களின் வரவு

இன்றைய வடிவிலான வர்த்தக சபை ஐரோப்பாவில் தோன்றியது. 1599இல் பிரான்சின் மார்செய் நகரில் அமைந்ததே அவற்றுள் முதலாவதாகக் கூறப்படுகிறது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் வர்த்தக சபை சட்டத்தால் நிறுவப்பட்ட பொது அமைப்பாகி, உறுப்பினராவது கட்டாயமாயிற்று. பிரிட்டனிலும் அதன் ஆட்சியிலிருந்த நாடுகளிலும் அது விருப்பம்போல் சேரும் தனியார் சங்கமாகவே இருந்தது. இந்தியா பின்பற்றியது இரண்டாம் முறையை. சென்னை வர்த்தக சபை 1836இல் ஐரோப்பிய வணிக நிறுவனங்களால் தொடங்கப்பட்டது. இந்திய வணிகரின் குரல் அதில் ஒலிக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1906இல் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் திவாலாகிப் பலருடைய சேமிப்பை அழித்தபின், இந்தியர் தமக்கென நிறுவனங்கள் வேண்டும் என உணர்ந்து 1907இல் இந்தியன் வங்கியையும், 1909இல் சர் பிட்டி தியாகராயரைத் தலைவராகக் கொண்டு தென்னிந்திய வர்த்தக சபையையும் ஏற்படுத்தினர்.

தென்மாவட்டங்களில் இவ்வுணர்வு இரண்டு வழிகளில் செயல்பட்டது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி நிறுவப்பட்டு, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாற்றம் பெற்றது; 1924இல் மதுரையில் மதுரை இராமநாதபுரம் வர்த்தக சங்கம் தொடங்கப்பட்டு, பின்னர் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கமாக விரிந்து, அண்மையில் நூற்றாண்டைக் கண்டது. 1996இல் தேனி தனி மாவட்டமாக அறிவிக்கப்படும்வரை கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்ததால், இவ்வட்டார வணிகரின் பெரிய கோரிக்கைகள் நெடுங்காலம் மதுரை வழியாகவே சென்னைக்கும் டெல்லிக்கும் சென்றன. கடைக்காரர் தரப்பில், ஊர்தோறும் இருந்த வியாபாரிகள் சங்கங்கள் மாநில அளவில் தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரவை, பேரமைப்பு என இணைந்து இயங்க, மே 5ஆம் நாள் வணிகர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1989இல் மாநில அரசு அமைத்த வணிகர் நல வாரியம், சிறுவணிகரின் குடும்பங்களுக்கு நலஉதவி கிடைக்க வழிசெய்தது.

அன்றாடப் பணிகள்

சங்கங்களின் பணிகளுள் வெளியே தெரிவது கடையடைப்பும் மனுவும். ஆனால் அவற்றின் நிலையான பயன் அன்றாடப் பணிகளிலேயே இருக்கிறது. முதலாவது, வழக்குத் தீர்வு. கமிஷன் மண்டியில், அதாவது உழவரின் சரக்கை ஏற்று விற்றுக்கொடுத்துத் தரகு பெறும் கடையில், எடைக்குறைவு, தரக்குறைவு, கடன்தவணை பற்றி எழும் பூசல்கள் நீதிமன்றம் சென்றால் ஆண்டுகள் ஆகும். சங்கத்தின் மூத்த உறுப்பினர் இருதரப்பையும் அமர்த்திப் பேசினால் நாட்களில் முடிகின்றன. சங்கத்தின் தீர்ப்பை மீறுபவரோடு பிற வணிகர் கொடுக்கல் வாங்கலை நிறுத்திக்கொள்வர் என்ற அச்சமே அத்தீர்ப்புக்கு வலிமை. இரண்டாவது, விலைத் தகவல். பருப்பு, எண்ணெய், மல்லி, மிளகாய் வற்றலுக்கு விருதுநகர் சந்தை நிலவரம் தென்மாவட்டங்களெங்கும் அடிப்படை விலையாகப் பயன்பட்டதற்கு, அங்குள்ள வணிகர் சமூகம் விலையை முறையாகத் தொகுத்து வெளியிட்டதே காரணம். மூன்றாவது, பிறப்பிடச் சான்று. ஏற்றுமதியாகும் சரக்கு இந்த நாட்டில் உற்பத்தியானதுதான் என வாங்கும் நாட்டுச் சுங்கத்துறைக்கு உறுதிசெய்யும் ஆவணம் இது. மத்திய அரசு அங்கீகரித்த வர்த்தக சங்கங்கள் இச்சான்றை வழங்கும் அதிகாரம் பெற்றுள்ளன.

நான்காவது, சட்டத்தை எளியவருக்கு விளக்குதல். 2007இல் தமிழகத்தில் மதிப்புக்கூட்டு வரி, 2011இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நடைமுறை, 2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரி என அடுத்தடுத்து வந்த மாற்றங்களின்போது, கணக்கரை வைத்துக்கொள்ள இயலாத சிறுகடைக்காரருக்குப் பதிவு, படிவம், காலக்கெடு ஆகியவற்றைச் சொல்லித்தந்த முதல் இடம் பல ஊர்களில் சங்க அலுவலகமே. 2022 ஜூலை 18 முதல் உறையிட்டுப் பெயர் பொறித்து 25 கிலோ வரை விற்கும் அரிசிக்கு 5 சதவீத வரி விதிக்கப்பட்டபோது, அரிசி ஆலையினரும் மளிகைக் கடையினரும் சங்கங்களின் வழியே எதிர்ப்புத் தெரிவித்தனர். வரி நீங்கவில்லை, எனினும், உறையிடாத சில்லறை அரிசிக்கு வரி இல்லை என்ற வேறுபாட்டைக் கடைக்காரருக்குத் தெளிவாக எடுத்துச்சொல்லி, தேவையற்ற அச்சத்தைச் சங்கங்கள் நீக்கின. மனு தோற்ற இடத்திலும் விளக்கம் பயன்பட்டது.

போடியின் ஏலக்காய்: நம்பிக்கையைக் கட்டிய ஏலம்

பள்ளத்தாக்கின் வணிகத்தில் கூட்டு அமைப்பின் பயனை மிகத் தெளிவாகக் காட்டுவது ஏலக்காய். இடுக்கி மலைகளில் விளையும் ஏலக்காயின் பெருவணிகம் நெடுங்காலமாகப் போடிநாயக்கனூரில் நடந்துவருகிறது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏலக்காய் வாரியமும், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1987இல் நறுமணப் பொருள் வாரியமும் அமைந்தபின், உரிமம் பெற்ற ஏல நிறுவனங்களின் வழியே விற்பனை ஒழுங்குபடுத்தப்பட்டது. பின்னர் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் மின்னணு ஏலம் நடைமுறைக்கு வந்தது. தோட்டக்காரர் கொண்டுவந்த சரக்கு குவியல் குவியலாகப் பிரிக்கப்பட்டு, மாதிரி வணிகரின் கைக்கு வந்து, விலை திரையில் அனைவருக்கும் தெரியும்படி ஏறுகிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயை எட்டியபோது, அச்செய்தி அன்றே மலைத்தோட்டம் எங்கும் பரவ முடிந்ததற்கு இந்த வெளிப்படையான முறையே காரணம்.

இந்த அமைப்பைச் சட்டம் உருவாக்கியது உண்மை. ஆனால் அதை நடத்துவது தோட்டக்காரர் சங்கங்களும், ஏல நிறுவனங்களும், வணிகர் அமைப்புகளும் ஒப்புக்கொண்ட ஒழுங்கு. இதற்கு ஒத்த முன்மாதிரி இலங்கையில் உண்டு: 1839இல் தொடங்கிய இலங்கை வர்த்தக சபையின் ஆதரவில், 1883 முதல் கொழும்பில் நடந்துவரும் தேயிலை ஏலம், மாதிரி பார்த்து விலை கூறும் ஒழுங்கால் உலக வாங்குவோரின் நம்பிக்கையைப் பெற்றது. ஏலக்காய் விவசாயிகளின் சங்கம் வணிக நலனோடு நில்லாமல், போடியில் தன் பெயரிலேயே ஒரு கல்லூரியை ஏற்படுத்தியது. மலையில் ஏலக்காய் விளைவித்தவரின் சங்கத்தால் அடிவாரத்து மாணவர் பட்டம் பெறுகின்றனர் என்பது, உறுப்பினரல்லாதாருக்கும் பயன் சென்றடைந்ததற்கு உறுதியான சான்று.

தண்டவாளத்துக்கான நெடிய கோரிக்கை

மதுரையிலிருந்து போடி வரையிலான 90 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை 1928இல் மலைச்சரக்கை மதுரைக்கும் துறைமுகத்துக்கும் கொண்டுசெல்லத் திறக்கப்பட்டது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 டிசம்பர் இறுதியில் அது மூடப்பட்டபோது, சில ஆண்டுகளில் பணி முடியும் என மக்கள் எதிர்பார்த்தனர். நிதி ஒதுக்கீடு தாமதமாக, பாதை பத்தாண்டுக்கு மேல் புல் மண்டிக் கிடந்தது. வணிகர் சங்கங்களும், விவசாயிகள் சங்கங்களும், பயணிகள் அமைப்புகளும் ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையின்போதும் கோரிக்கையைப் புதுப்பித்தன. இறுதியில் 2022 மே மாதம் மதுரை–தேனி சேவையும், 2023 ஜூன் 15 முதல் போடி வரையிலான சேவையும் சென்னை இணைப்பும் கிடைத்தன.

இச்சாதனையை ஒரு சங்கத்தின் கணக்கில் எழுதுவது முறையாகாது. ஆனால், ஆட்சிகள் மாறியும் மக்களவை உறுப்பினர்கள் மாறியும் கோரிக்கை மாறாமல் நிலைத்ததில் சங்கங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தனிமனிதரின் சினம் ஓரிரு ஆண்டுகளில் தணியும். பதிவேடும் செயற்குழுவும் கொண்ட அமைப்பு மட்டுமே ஒரு கோரிக்கையைப் பன்னிரண்டு ஆண்டுகள் சுமக்க வல்லது. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாகக் குமுளி வரை புதிய பாதை வேண்டும் என்ற பள்ளத்தாக்கின் பழைய கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. அப்பாதை அமையுமானால், தேனிக்குத் தெற்கே உள்ள சின்னமனூர், மார்க்கையன்கோட்டை, உத்தமபாளையம் வட்டாரங்களின் நெல்லும் வாழையும் திராட்சையும் தம் வட்டாரத்திலேயே தண்டவாளத்தை எட்டும்.

எல்லைகளும் குறைகளும்

சாதனைகளைப் போலவே குறைகளையும் மறைக்காமல் ஆராய்வது கடமை. முதற்குறை, உறுப்பினர் நலனுக்கும் ஊர்நலனுக்கும் முரண் எழும்போது சங்கம் எப்பக்கம் நிற்கிறது என்பது. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1990இல் தொடங்கி, பின்னலாடைத் தொழிலை உலகச் சந்தையில் நிலைநிறுத்தியது. அரசோடும் நிதி நிறுவனத்தோடும் கூட்டுச் சேர்ந்து, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தை நிறைவேற்றியது. அதே நகரின் சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததால், கீழ்ப்பாசன உழவர் நீதிமன்றம் சென்று போராடவேண்டியதாயிற்று. 2011இல் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. உறுப்பினரல்லாதார் இழப்பைத் தொழில் அமைப்புகள் தாமே முன்வந்து தடுத்திருந்தால் அந்தத் தண்டனை நேர்ந்திராது.

இரண்டாம் குறை, உறுப்புரிமையின் குறுகிய வட்டம். பல பழைய அமைப்புகள் ஒரு சாதியின் உறவைக்கொண்டு கட்டப்பட்டவை. ஒடுக்கப்பட்ட காலத்தில் அந்த ஒற்றுமை ஒரு சமூகத்தை உயர்த்தியது என்பது வரலாறு. ஆனால், இன்று அதே வட்டத்துக்குள் நின்றுவிட்டால், தலித் தொழில்முனைவோரும், பெண் வணிகரும், தலைச்சுமையிலும் தள்ளுவண்டியிலும் விற்போரும் கடன், இடம், தகவல் ஆகியவற்றைப் பெறும் வாசலுக்கு வெளியிலேயே நிற்பர். மூன்றாம் குறை, எல்லைப் பூசல்களில் சங்கங்களின் மௌனம். 2011 இறுதியில் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையிலான முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றிக் குமுளியில் போக்குவரத்துத் தடைபட்டபோது, இருபுறத்து வணிகமும் தோட்ட வேலையும் ஒருசேர முடங்கின; அணையின் நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்தலாம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014இல் வந்தது. நீர் உரிமையில் விட்டுக்கொடுக்காமலே, காய்கறி வண்டியும் தொழிலாளர் ஜீப்பும் தடையின்றிச் செல்ல இருபுறத்து வணிகர் அமைப்புகள் நிலையான பேச்சுக்குழு வைத்திருப்பது, வருங்காலத்துக்கு மிகவும் தேவையான ஏற்பாடு.

சிற்றூரின் தேவை

மார்க்கையன்கோட்டை போன்ற நெல் விளையும் ஊரின் நிலையிலிருந்து பார்த்தால் நான்காம் குறை ஒன்று தெரியும்: சங்கங்கள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கின்றன, சரக்கோ சிற்றூர்களில் விளைகிறது. அறுவடைக் காலத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அரசுக் கொள்முதல் நிலையம் பொதுவாக ஏற்பதில்லை; காயவைக்கக் களமில்லாத சிறு உழவர், மழை மிரட்டும் நாளில் வந்த விலைக்குத் தனியார் வியாபாரியிடம் விற்றுவிடுகிறார். ஒரு பொதுக் காயவைக்கும் களம், எல்லாரும் நம்பும் ஈரப்பதமானி, சோதிக்கப்பட்ட எடைமேடை, அன்றாட விலை எழுதும் பலகை ஆகிய நான்கும் ஒரு பேரூராட்சியில் அமைந்தால், அரசுத் திட்டம் வராமலே உழவரின் பேரம்பேசும் வலிமை உயரும். இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. நெல் வணிகர், ஆலை உரிமையாளர், உழவர் குழுக்கள் மூவரும் மூட்டைக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கினால் போதும். பிரான்மலைக் கல்வெட்டில் தெரியும் அந்தப் பழைய முறை, கணக்கு வெளிப்படையாக இருக்குமானால், இன்றும் செயல்படும்.

இணைந்து செயல்படுவதன் பயனுக்கு அருகிலேயே எடுத்துக்காட்டு உள்ளது. ஆண்டு முழுவதும் விளைச்சல் தரும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புவிசார் குறியீடு என்பது ஒரு பொருளின் சிறப்பு அது விளையும் மண்ணால் வருவது எனச் சட்டம் ஏற்று, அந்தப் பெயரைப் பிற பகுதியார் பயன்படுத்தாமல் காக்கும் உரிமை. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி இதைத் தனி உழவர் தம் பெயரில் பெற இயலாது. உற்பத்தியாளரின் நலனுக்காக இயங்கும் சங்கமோ சட்டப்படி நிறுவப்பட்ட அமைப்போதான் விண்ணப்பிக்கவேண்டும். குறியீடு கிடைத்ததோடு வேலை முடியவில்லை. தரத்தைச் சோதிப்பது, போலிப் பெயரைத் தடுப்பது, குளிர்பதனக் கிடங்கு அமைப்பது, ஆனைமலையன்பட்டித் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவைத் தோட்டம்தோறும் கொண்டுசேர்ப்பது எனத் தொடர்ந்து செய்யவேண்டிய பணிகளுக்கு வணிகர், உழவர் இருவரின் கூட்டமைப்பு தேவைப்படுகிறது.

முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றைத் தொகுத்தால் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. வர்த்தக சங்கங்களின் நிலைத்த சாதனைகள், அவை அரசிடம் கேட்டுப் பெற்ற வரிச்சலுகைகளைக் காட்டிலும், ஏலக்கூடம், கல்லூரி, விலைத் தகவல், வழக்குத் தீர்வு என அவை ஊருக்கு ஏற்படுத்திக் கொடுத்த பொதுவசதிகளிலேயே உள்ளன. சலுகை அடுத்த அறிவிப்பில் மாறும்; கல்லூரியும் ஏலக்கூடமும் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். இரண்டாவதாக, அவற்றின் வலிமை போராட்டத்தின் வேகத்தில் இல்லை, கோரிக்கையை விடாமல் சுமக்கும் பொறுமையில் இருக்கிறது என்பதைப் போடி ரயில்பாதை காட்டுகிறது. மூன்றாவதாக, சங்கத்தின் நிதியும் செல்வாக்கும் சந்தையில் பங்கேற்கும் அனைவராலும் உருவாவதால், அதன் வாசலும் அனைவருக்கும் திறந்திருக்கவேண்டும்.

இம்முடிவுகளை ஏற்றால், தேனி மாவட்டச் சங்கங்கள் உடனே தொடங்கக்கூடிய பணிகள் தெளிவாகின்றன. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் பெண் வணிகருக்கும் செயற்குழுவில் இடம் தருவது, பேரூராட்சிதோறும் கிளை அமைப்பது, வரவுசெலவை ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது, இடுக்கி வணிகர் அமைப்புகளோடு நிலையான பேச்சுக்குழு வைப்பது ஆகிய நான்கையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. எந்த அரசாணைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. மார்க்கையன்கோட்டையில் நெல் கொண்டுவரும் சிறு உழவர், எந்தச் சங்கத்திலும் உறுப்பினராகாமலே, சரியான எடையும் உரிய விலையும் பெறும் நாளில், இம்மாவட்டத்தின் வர்த்தக சங்கங்கள் தம் பணியை முழுமையாக நிறைவேற்றியதாகக் கொள்ளலாம்.